வரைபடத்தில் நீலமாய் இருந்த காணி

இணையத்தில் பழைய யாழ்ப்பாணத்தைத் தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கொரோனா ஊரடங்கின்போது தொற்றியது. நான் வேலை செய்யும் கந்தோர் பூட்டிக் கிடந்தது. நல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். நோய்ச் செய்திகளைப் பாதியிலேயே மூடிவிடுவேன். நான் இயல்பிலேயே பயந்தவன். மனைவி பள்ளிக்கூடத்தால் வரக் கொஞ்சம் பிந்தினாலே வாசல் படலையடியில் போய் நிற்கிறவன். ஆகவே செய்திகளை விட்டுவிட்டுப் பழைய படங்களுக்குப் போனேன். எப்போதோ நடந்து முடிந்த விஷயங்கள் இனி என்னை என்ன செய்துவிடப் போகின்றன என்றுதான் நினைத்தேன்.

போகப்போக அது ஒரு பெரிய வெளியாக விரிந்தது. வெளிநாட்டு நூலகங்கள் தங்கள் பெட்டகங்களைத் திறந்து எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு வைத்திருந்தன. ஒல்லாந்தர் மையால் கீறிய கோட்டைப் படங்கள், பாதிரிமார் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், பனைகளுக்கு நடுவே போகிற மாட்டு வண்டில்கள். ஒரு படத்தில் பெண்கள் வரிசையாக இருந்து புகையிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த ஒருத்தி மட்டும் படம் எடுக்கிறவரைக் கோபத்தோடு பார்த்தாள். அந்த முகத்தை நான் எத்தனையோ தரம் பெரிதாக்கிப் பார்த்திருப்பேன்.

சொற்களும் அப்படித்தான் அகப்பட்டன. கதிரை போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தது, அலுமாரியும் யன்னலும் சப்பாத்தும் அவர்களுடையவை, கந்தோரும் மேசை லாச்சியும் போஞ்சிக்காயும் ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போனவை என்று ஒவ்வொன்றாக அறிந்து மனைவிக்குச் சொல்லுவேன். அவள் கணித ஆசிரியை. எதையும் பதறாமல் கேட்பாள். ஒருநாள் போஞ்சி நறுக்கிக்கொண்டே, "அப்ப உந்த வீட்டிலை எங்கடை எண்டு என்னதான் கிடக்கு?" என்று கேட்டாள். நான் யோசித்துவிட்டு, "அடுப்பு" என்றேன். அவள் சிரித்தாள்.

ஊரடங்கு முடிந்தும் பழக்கம் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோரில் இருந்து பார்ப்பேன். எங்கள் வீட்டு வேலை தொடங்கிய வருடத்திலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உரும்பிராயில் மனைவிக்குச் சீதனமாக வந்த காணி ஒன்று இருந்தது. தாய்வழியாகப் பெண்பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த காணி. தாமரை வளவு என்று பெயர். யுத்த இடப்பெயர்வுக்கு முன் அதில் வாழை நின்றது. பிறகு பற்றை பிடித்துக் கிடந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாத செம்மண் காணிக்கு ஏன் தாமரை என்று பெயர் என ஒரு தரம் கேட்டபோது, அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் ஒரு பூட்டி இருந்திருக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தக் காணியில் சித்திரை கழிந்தவுடன் அத்திவாரம் வெட்டினோம். பின்பக்கத்தில் மண் கறுப்பாக வந்தது. முந்தி யாரோ சாம்பல் கொட்டிய இடம் என்று மேசன் சொல்லி, அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கல் போட்டுக் கட்டினார். ஆவணி பிறக்கும்போது சுவர்கள் யன்னல் உயரம் தாண்டிவிட்டன.

அந்த ஆவணியில்தான், சோற்றுப் பார்சலை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர் காலத்து நில அளவை வரைபடம் ஒன்றைத் திறந்தேன். எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் துண்டு துண்டாக இருந்தது. உரும்பிராய்த் துண்டைப் பெரிதாக்கினேன். சந்தி அதே இடத்தில் இருந்தது. எங்கள் காணிக்குப் போகும் ஒழுங்கை ஒற்றைக் கோடாகப் போய், வைரவர் கோயிலடியில் இன்றைக்கும் திரும்புகிற மாதிரியே திரும்பியது. அந்தத் திருப்பத்துக்கு அடுத்ததாக எங்கள் காணி இருக்க வேண்டும். அங்கே நீலமாக ஒரு நீள்வட்டம் இருந்தது. அதன் மேல் ஆங்கில எழுத்தில் தாமரைக்குளம் என்று எழுதியிருந்தது.

சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்தேன். படத்தை மூடினேன். திரும்பத் திறந்தேன். வேறு ஒழுங்கையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வானத்தில் இருந்து எடுத்த இன்றைய செய்மதிப் படத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டேன். கோயில், திருப்பம், சந்தி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. எடுத்து அதிக நாள் ஆகாத படம்; எங்கள் அறைகள் கூரை இல்லாமல் அதில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தன. சமைக்கிற குசினியும் பின்னறையும் இருந்த இடம் நீலத்துக்குள் இருந்தது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒழுங்கைகள் எந்தப் பக்கம் சரிகின்றன என்றே பார்த்துக்கொண்டு போனேன். காணிக்குள் போனதும் எல்லாமே அறிகுறிகளாகத் தெரிந்தன. பின்வேலிக் கிளுவை மரங்கள் முன்வேலிக் கிளுவைகளைவிடச் செழிப்பாக நின்றன. மேசன் அள்ளிப் போட்ட கறுப்பு மண் குவியலைக் காலால் கிளறினேன். பொடிச் சங்கு மாதிரி வெள்ளை நத்தை ஓடுகள் வந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். மேசன் வந்து, என்ன ஐயா, சுகமில்லையோ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பின்வளவில் ஒரு விதவைப் பெண் தனியாக இருந்தார். எங்களைவிடச் சில வயது மூத்தவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். வேலிக்கு மேலால் அவரிடம், மாரி மழையில் இந்தப் பக்கம் தண்ணீர் நிற்குமா என்று விசாரித்தேன். தன் முற்றத்தில் வருடாவருடம் நிற்பதாகவும், கோழிக்கூட்டை மேசைக்கு மேல் தூக்கி வைப்பதாகவும், ஏன் நிற்கிறதென்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவரும் கணவரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகுதான் அந்தக் காணியை வாங்கினார்கள். ஒழுங்கையில் முந்தி இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது வெளிநாட்டில். கேட்கவும் ஆள் இல்லை.

பின்னேரம் மனைவி வந்து சேலை மாற்றும் முன்பே படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அளவுகோலைப் பார்த்தாள். தன் கொப்பியில் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இது எங்கடை காணிதான்."

அவள் மறுப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவளும் ஒப்புக்கொண்டபோது எனக்கு இன்னும் பயம் கூடியது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றேன்.

"தெரியாமல் எப்படியப்பா? அவ பிறந்து வளர்ந்த இடம்."

மாமி, மனைவியின் தாய், கொடிகாமத்தில் இளைய மகளோடு இருந்தார். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போனோம். நாங்கள் சொல்லாமல் வந்ததைப் பார்த்ததும் மாமிக்கு முகம் மாறிவிட்டது. யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று முதல் கேட்டார். இல்லை, சும்மாதான் வந்தோம் என்று மனைவி சொல்ல, மாமி திரும்பவும் முருங்கையிலை உருவத் தொடங்கினார். மைத்துனி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். மனைவி தாயின் பக்கத்தில் பாயில் இருந்து, கைத்தொலைபேசியை நீட்டி, இது உரும்பிராயின் பழைய படம் என்றாள்.

மாமி படத்தை வாங்கவில்லை. எட்டத்தில் இருந்தே பார்த்தார். நீலத்தைக் கண்டிருக்க வேண்டும்.

"உதிலை மருதமரம் போட்டிருக்கோ?" என்று கேட்டார்.

மரம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

"கரையிலை நிண்டது. பெரிய மரம்" என்றார். முருங்கைக் காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கி, இலையை ஒரு பக்கம் ஒதுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படம் எங்கே கிடைத்தது என்று என்னைக் கேட்டார். இணையத்தில், வெளிநாட்டில் வைத்திருக்கிறார்கள் என்றேன். "வெளிநாட்டிலை வைச்சிருக்கினமோ" என்று தனக்குள் சொன்னார்.

பிறகு சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இடையிடையே எழும்பிப் போனார், தண்ணீர் குடித்தார், பேத்தியின் சட்டையை மடித்து வைத்தார். குளம் அவர்களுடைய பழைய மண்வீட்டுக்குப் பின்னால், அதே காணிக்குள்தான் இருந்தது. ஆனால் ஒழுங்கைக்கே பொது மாதிரி. மாடுகள் அதில் குடிக்கும், தோட்டக்காரர் கை கால் கழுவுவார்கள். மாமிக்கு ஒரு தம்பி இருந்தான். நாலு வயது. ஒரு மாரியில், மழை விட்டிருந்த பின்னேரம், வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று பின்பக்கம் ஓடியது. பிள்ளை அதன் பின்னால் போனதை ஒருவரும் காணவில்லை. ஆட்டுக்குட்டி திரும்பி வந்தது. மாடுகளைத் தண்ணீருக்குச் சாய்த்து வந்தவர் ஒருவர்தான் குளத்தில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த கோடையில் மாமியின் தகப்பன் வண்டில் வண்டிலாக மண் கொண்டுவந்து குளத்தை நிரவத் தொடங்கினார். ஊரார் வந்து கதைத்தார்கள், பிறகு சண்டை பிடித்தார்கள். குளம் போனால் கிணறுகள் வற்றும், மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை என்றார்கள். அவர் ஒருவருடைய சொல்லையும் கேட்கவில்லை. மருதமரத்தையும் தறித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குச் சிலர் வரவேயில்லை.

"ஐயா மேலை வாழை வைச்சார்" என்றார் மாமி. "அதுக்குப் பிறகு குளம் எண்ட சொல்லே எங்கடை வீட்டிலை இல்லை. ஆரும் வாயெடுத்தா அவர் எழும்பிப் போயிடுவார். அம்மா சாகும்வரைக்கும் அந்தப் பக்கம் போகேல்லை."

மனைவி தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அம்மா."

"என்னெண்டு பிள்ளை சொல்லுறது? மற்றக் காணி எல்லாம் அப்ப ஆமிக் காம்பின்ரை வேலிக்குள்ளை. அதை விட்டா உனக்குத் தர என்னட்டை வேறை என்ன கிடந்தது?" மாமி பேத்தியின் சட்டையைத் திரும்பவும் விரித்து மடித்தார். "நீங்கள் அத்திவாரம் வெட்டின நாளிலையிருந்து எனக்கு நித்திரை இல்லை."

அந்தக் கோடை முழுவதும் அவர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலை எதுமட்டில் நிற்கிறது என்று அடிக்கடி தொலைபேசியில் கேட்டதை நான் ஆசை என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் சனம் நெருக்கியது. மனைவி யன்னல் பக்கம் இருந்தாள். கைதடி தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே, "எனக்கு ஒரு மாமா இருந்திருக்கிறார். நாலு வயசிலை ஒரு மாமா" என்றாள்.

அடுத்த கிழமை கந்தோரில் எங்களோடு வேலை செய்யும் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் சொன்னபடி முன்பக்கத்தில் ஒரு கிடங்கும் பின்பக்கத்தில் ஒரு கிடங்கும் வெட்டினோம். முன்பக்கத்தில் செம்மண்ணும் அதன் கீழே சுண்ணாம்புக் கல்லும் வந்தன. பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெட்டியும் கல் வரவில்லை. கறுப்புச் சேறும் நத்தை ஓடும்தான். முன் அறைகளுக்குப் பயமில்லை, பின்பக்கம் நிரவிய மண்ணில் நிற்கிறது, மாரிக்கு முன் ஒரு முடிவு எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மேசன் மனவருத்தப்பட்டார். தூண் இறக்கலாம் என்றார் ஒருநாள், இடிக்கத்தான் வேண்டும் என்றார் மறுநாள். நானும் ஒரு முடிவுக்கு வரமுடியாமல் அலைந்தேன். பகலெல்லாம் வானத்தைப் பார்த்தேன். கைத்தொலைபேசியில் பழைய படங்கள் பார்க்கிறதை விட்டுவிட்டு வானிலைப் படங்கள் பார்க்கத் தொடங்கினேன். வங்காள விரிகுடாவில் வெள்ளையாக ஒரு சுழி தெரிந்தாலே மேசனுக்குத் தொலைபேசி எடுப்பேன்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஐப்பசியில் தாழமுக்கம் என்று அறிவித்தார்கள். முதல் நாள் மழையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கந்தோருக்குப் போகாமல் நேரே உரும்பிராய்க்குப் போனேன். ஒழுங்கையில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. எங்கள் காணியின் முன்பக்கம் வெறும் ஈரமாகத்தான் இருந்தது. பின்பக்கம் வெள்ளம். காற்றில் சின்னச் சின்ன அலை அடித்துக்கொண்டு, குசினிச் சுவரைத் தொட்டு நின்றது. அதன் விளிம்பைப் பார்த்தேன். வரைபடத்தில் கண்ட அதே வளைவு.

மனைவி குடையோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடம் மழையால் விட்டுவிட்டார்கள். உள்ளே போகவேண்டாம் என்று அவளைத் தடுத்தேன். இருவரும் முன்னறை வாசலில் நின்றோம். கூரை இல்லாத வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. குசினி யன்னல் மூலையில் இருந்து நிலத்தை நோக்கி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தேன். அகலிக்கிறதா, என் கண்தான் அப்படிக் காண்கிறதா என்று தெரியவில்லை.

"அகலுது" என்றாள் அவள்.

சொல்லி முடியவில்லை, பின்சுவர் அப்படியே இருந்த இடத்தில் கீழே இறங்கியது. நான் பயந்த மாதிரிப் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆள் களைத்து இருக்கிறபோது விடுகிற பெருமூச்சு மாதிரி ஒன்று. பிறகு வெளிப்பக்கம் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. தண்ணீர் அறைக்குள் வந்து, நடுச்சுவரில் முட்டி நின்றது. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் பயந்து நான் கண்டது அதுதான் முதல் தரம். கூரை போட்டு, குடிவந்து, அவள் அந்தக் குசினியில் நின்று சமைத்துக்கொண்டிருக்கும் வேளையில் இது நடந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வந்தது. முந்திச் சீமெந்துப் பைகள் அடுக்கியிருந்த பலகையில் இருந்துவிட்டேன்.

முன் அறைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டு, தண்ணீர் வடிந்து, தை மாதம் மண் காய்ந்த பிறகு மிச்சப் பின்பக்கத்தை இடித்து அள்ளினோம். இனி என்ன செய்வது என்ற கதை வந்தபோது மேசன் திரும்பவும் நிரவலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நல்லாக நிரவி, நல்லாக இறுக்கி, மேலே சீமெந்து போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "வாற தண்ணி எங்கையாவது நிக்கத்தானே வேணும். நாங்கள் நிரவினா அது அந்த அக்காவின்ரை முற்றத்திலைதான் போய் நிக்கும். இவ்வளவு காலமும் அங்கைதான் நிண்டிருக்கு" என்றாள்.

குசினியை முன்பக்கமாகக் கொண்டுவந்தோம். ஓர் அறை குறைந்தது. பின்பக்கத்தில் கறுப்பு மண்ணை வெட்டி எடுத்து, குளம் என்று சொல்லமுடியாத, ஆனால் குளத்தின் ஒரு மூலை என்று சொல்லக்கூடிய ஒரு பள்ளத்தைத் திறந்துவிட்டோம். வெட்டிய மண்ணை உரும்பிராய்த் தோட்டக்காரர் ஆசையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைச் செய்யுமுன் மனைவி கொடிகாமம் போய்த் தாயிடம் கேட்டாள். மாமி அழுதார். பிறகு, சுற்றிவர மதில் கட்டுவதென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்றார். பெரிய ஆளின் நெஞ்சளவு உயரம், காலை வைத்து ஏறமுடியாதபடி அழுத்தமாய்ப் பூசவேண்டும், ஒரேயொரு படலை. எல்லாம் அவர் சொன்னபடியே கட்டினோம்.

அடுத்த மாரியில் பள்ளம் நிரம்பியது. பின்வளவு அக்கா வேலியடிக்கு வந்து, இந்த முறை கோழிக்கூட்டை மேசையில் ஏற்றவில்லை என்றார். முற்றம் காய்ந்து கிடக்கிறதே என்று அவருக்கே ஒரு மாதிரியாக இருந்ததாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் நடுச்சுவரைக் கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னமும் போகவில்லை.

இப்போது ஒழுங்கையில் காணி வாங்க வருகிறவர்கள் சிலர் என்னிடம் வருவார்கள். பழைய படம் வைத்திருக்கிறீர்களாமே, எங்களுடையதையும் ஒருக்கால் பாருங்கள் என்பார்கள். கைத்தொலைபேசியில் திறந்து பெரிதாக்கும்போது என் விரல் கொஞ்சம் தயங்கும். ஒரு தரம் ஒருவருடைய காணியில் நீலம் இருந்தது. சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது, நன்றியும் சொல்லாமல் போனார். ஆனாலும் கேட்டால் சொல்லாமல் விடுவதில்லை.

வீடு முடிந்து நாங்கள் குடிவந்து பால் காய்ச்சிய நாளன்று மாமி வந்திருந்தார். அந்தக் காணிக்குள் அவர் கால் வைத்து நெடுங்காலம். முன்னறையில் சனம் கூடி நின்றது, பால் பொங்கியது, எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தால் பார்த்தேன், மாமியைக் காணவில்லை. பின்பக்கம் ஓடினேன்.

அவர் மதிலடியில் நின்றுகொண்டிருந்தார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கவில்லை. படலையின் கொண்டியை மட்டும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்தார், தள்ளினார், திரும்ப இழுத்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்தார்.

"தம்பி, இதுக்கு ஒரு பூட்டும் போட்டுவிடுங்கோ. பிள்ளையள் வந்து போற வீடு" என்றார்.

ஓம் மாமி என்றேன். வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதைப் போட்டுப் பூட்டி, பூட்டின் திறப்பை அவருடைய கையில் கொடுத்தேன். அவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போய்ச் சாப்பிட இருந்தார்.